ஐந்தாம் பக்கத்தில் ஐந்து பெயர்கள்

நாமகிரிப்பேட்டை
14.6.2024

விளம்பரப் பிரிவுப் பொறுப்பாளர்,
'கஞ்சமலைச் செய்தி' நாளிதழ்,
சேலம்.

ஐயா,

இன்று உங்கள் நாளிதழின் ஐந்தாம் பக்கத்தில் என் கணவர் கந்தவேலின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி வெளியாகியிருக்கிறது. அதை எதிரில் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது என் வயதினால் அல்ல.

நான் கொடுத்த வாசகம் சிறியது. மனைவி காளியாத்தாள், மகன் மோகன்குமார், மருமகள் உஷாராணி. மூன்றே பேர். என் கைப்பட எழுதி, அடிக்கோடிட்டு, மகன் மூலம் அனுப்பினேன். அச்சில் ஐந்து பேர் இருக்கிறோம். மனைவி என்ற இடத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் குப்பாயி என்று ஒரு பெயர். மக்கள் என்ற இடத்தில் மோகன்குமாருக்குப் பக்கத்தில் அன்புச்செல்வி என்று ஒரு பெயர். எனக்கு மகள் கிடையாது. குப்பாயி யாரென்று தெரியாது.

படமும் நான் கொடுத்தது அல்ல. நான் கொடுத்தது ஸ்டூடியோவில் கண்ணாடியும் வெள்ளைச் சட்டையுமாக எடுத்தது. இதில் கழுத்து வரைக்கும் ஒரு பனியன் தெரிகிறது. முகம் அவருடையதுதான். ஆனால் பல் தெரியச் சிரிக்கிறார். நாற்பத்தெட்டு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் இறந்தவர்களைக்கூடச் சிரிக்க வைக்கிறார்களாமே, அப்படி ஏதாவது செய்தீர்களா?

காலை ஆறு மணியிலிருந்து போன் ஓயவில்லை. என் நாத்தனார் பேசினாள். "அண்ணி, உங்களுக்குப் பெரிய மனசுங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள். எதற்கென்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். மகன் பேப்பரைப் பார்த்தான், சாப்பிடாமலே தோட்டத்துக்குப் போய்விட்டான். அவனுக்கும் எனக்கும் இதைவிட அவமானம் வேண்டியதில்லை.

எங்கேயோ இன்னொரு கந்தவேல் செத்திருக்கிறார், அவருடைய பெண்டு பிள்ளைகளை எங்கள் விளம்பரத்தில் சேர்த்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். இந்த வேலையைச் செய்தவர் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். அதே பக்கத்தில், அதே அளவில் திருத்தம் வர வேண்டும். பதிலைக் கடிதமாகவே அனுப்புங்கள். போனில் சொன்னதைச் சொல்லவில்லை என்று சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
காளியாத்தாள் கந்தவேல்


சேலம்
17.6.2024

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். அந்த வேலையைச் செய்தவள் நான். என் பெயர் யுவஸ்ரீ. இங்கே சேலத்தில் ஊடகப் படிப்பு மூன்றாம் வருடம் படிக்கிறேன். சொந்த ஊர் சேந்தமங்கலம். இரண்டு மாதப் பயிற்சிக்காக இந்த நாளிதழின் விளம்பரப் பிரிவில் இருக்கிறேன். மேலாளர் பச்சமுத்து சார் உங்கள் கடிதத்தை என் மேசையில் வைத்து, "நீ போட்ட முடிச்சு சாமி, நீயே அவுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டார். அதனால் நான் எழுதுகிறேன். தவறு இருந்தால் மன்னிக்க வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் நான் யாரையும் சிரிக்க வைக்கவில்லை அம்மா. இங்கே ஒவ்வொரு விளம்பரமும் ஒரு சீட்டோடு வரும். சீட்டில் வாசகம், தேதி, விளம்பரம் தருபவர் பெயர் எல்லாம் இருக்கும். பின்னால் படம் குத்தியிருக்கும். பதினான்காம் தேதிக்கு என்னிடம் பதினொரு நினைவஞ்சலிகள் வந்தன. அதில் இரண்டு சீட்டு ஒரே ஆளுக்கு. ஒன்று உங்களுடையது. இன்னொன்று எங்கள் தம்மம்பட்டி முகவர் அனுப்பியது. பெயர் கந்தவேல், ஊர் நாமகிரிப்பேட்டை, தொழில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி உரிமையாளர், மறைந்த தேதி அதே தேதி. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே முகம். வலது புருவத்து வெட்டுத் தழும்புகூட இரண்டிலும் இருந்தது.

ஒரே வீட்டார் தனித்தனியாகச் சீட்டு அனுப்புவது இங்கே அடிக்கடி நடக்கும். மகன் ஒன்று கொடுப்பார், மகள் தெரியாமல் இன்னொன்று கொடுப்பார். ஒரே மனிதரின் படம் ஒரே பக்கத்தில் இரண்டு முறை வந்தால் நன்றாக இருக்காது என்று இரண்டையும் ஒன்றாக்கினேன். சிரித்த படம் தெளிவாக இருந்தது, அதை வைத்தேன். சுற்றி மஞ்சள் இலை போட்டு ஓர் ஓரம் நானே வரைந்தேன். அன்று செய்த பதினொன்றில் அதுதான் நன்றாக வந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

எனக்கு எதுவும் தப்பாகத் தோன்றாததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் சின்னத் தாத்தாவுக்கு இரண்டு மனைவிகள். அக்கா தங்கை. அவர் போனபோது இருவர் பெயரையும் ஒரே வரியில்தான் போட்டோம். அதுபோல குப்பாயி அம்மா உங்கள் தங்கையாக இருப்பார் என்று நினைத்துவிட்டேன்.

திருத்தம் கட்டாயம் போடுகிறோம். வாசகம் அனுப்பி வையுங்கள்.

பணிவுடன்,
யுவஸ்ரீ


நாமகிரிப்பேட்டை
19.6.2024

யுவஸ்ரீக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்குத் தங்கை இல்லை.

புருவத்துத் தழும்பு பற்றி எழுதியிருக்கிறாய். ஆந்திராவில் ரிக்கின் இரும்புக் குழாய் பட்டு ஏற்பட்டது. நான்தான் பத்து நாள் மருந்து வைத்துக் கட்டினேன். அதை ஒரு பரீட்சை விடை போல நீ எழுதி நான் படிக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு எழுபத்திரண்டு வயது. சேலத்தில் கான்வென்டில் படித்தவள். என் பெயரைக் கூப்பிட வராமல் கன்னியாஸ்திரிகள் கிளாரா என்று மாற்றிக் கூப்பிட்டார்கள். நான் திரும்பியே பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்துக் காளியாத்தாள் என்று முழுதாகக் கூப்பிட்டார்கள். என் பெயருக்குப் பக்கத்தில் இன்னொருத்தி பெயரை ஏற்றுக்கொள்கிறவள் நான் இல்லை.

யாரோ அவருடைய படத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறார்கள். ஊருக்கு ஊர் ரிக் ஓட்டியவர், நூறு பேர் அவரோடு படம் எடுத்திருப்பார்கள். இதற்கு மேல் நான் யோசிக்க விரும்பவில்லை. திருத்த வாசகம் இது:

'14.6.2024 இதழில் வெளியான திரு. கந்தவேல் நினைவஞ்சலியில் உள்ள குப்பாயி, அன்புச்செல்வி ஆகியோருக்கும் எங்கள் குடும்பத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.'

வருகிற ஞாயிறு இதழில் வர வேண்டும். வராவிட்டால் உன் கல்லூரி முதல்வருக்கு எழுதுவேன்.

காளியாத்தாள் கந்தவேல்


சேலம்
24.6.2024

அம்மா அவர்களுக்கு,

ஞாயிறு இதழில் திருத்தம் வரவில்லை. காரணம் நான்தான். நீங்கள் முதல்வருக்கு எழுதுவதாக இருந்தால் எழுதுங்கள். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

உங்கள் வாசகத்தைக் கொடுத்ததும் மேலாளர் போட்டுவிடு என்றார். உங்கள் மகன் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அரைப் பக்கம் விளம்பரம் தருகிறவராம். நான் அதை அச்சுக்கு அடுக்க உட்கார்ந்தபோது அந்தத் தம்மம்பட்டிச் சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்த வாசகம் ஒரே வரி. 'என்றும் உங்கள் நினைவில் மகள் அன்புச்செல்வி.' குப்பாயி என்ற பெயர் வாசகத்தில் இல்லவே இல்லை அம்மா. அது கீழே, விளம்பரம் தருபவர் என்ற கட்டத்தில் இருந்தது. பாவம், தன் பெயரைப் போட மறந்துவிட்டார் என்று நினைத்து நானாகத்தான் மனைவி என்ற இடத்தில் சேர்த்தேன். முதல் கடிதத்தில் இதைச் சொல்லவில்லை. பயமாக இருந்தது.

அதனால் நேற்று தம்மம்பட்டிக்குப் போனேன். பஸ் உங்கள் ஊர் வழியாகத்தான் போனது. இறங்கி உங்களிடம் வந்து சொல்லலாமா என்று நினைத்தேன். தைரியம் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓட்டு வீடு. குப்பாயி அம்மாவுக்கு அறுபது வயதுக்குக் குறையாது. மரவள்ளிக் கிழங்கு மில்லில் தோல் சீவுகிறார், விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாது. அவரிடம் பேப்பரை நீட்டி, மனைவி என்ற இடத்தில் உங்கள் பெயரை நான் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். மகள் அதை அவருக்கு இதுவரை படித்துக் காட்டவில்லை போலிருக்கிறது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எம்பேரு எதுக்கும்மா அங்க? நான் சீட்டு குடுத்த ஆளு, அவ்வளவுதான். அந்தம்மா பாத்துட்டாங்களா?"

பார்த்துவிட்டீர்கள் என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மகளுக்கு இருபத்தொன்பது வயது. ஆத்தூரில் மருந்துக் கடையில் வேலை. அவர்தான் மீதியைச் சொன்னார். உங்களைப் பற்றி அவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். கடந்த வருடம் இறுதிச் சடங்கன்று நாமகிரிப்பேட்டைக்கு வந்து, எதிர்ப்புறம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருக்கிறார்கள். வண்டி கடந்து போனதும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள்.

அன்புச்செல்விக்குப் பலமுறை வரன் தட்டிப்போயிருக்கிறது. அப்பா யார் என்ற கேள்வியில் வந்து நின்றுவிடும். இப்போது கெங்கவல்லியில் ஓர் இடம். விளம்பரம் வந்த மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் அம்மா அந்தப் பேப்பரோடு வந்து உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறார். பெரிய வீட்டார் அண்ணன் பெயரோடு சேர்த்துப் போட்டிருக்கும்போது எங்களுக்கென்ன என்றாராம். ஆவணியில் நிச்சயம்.

உங்கள் திருத்த வாசகத்தை அன்புச்செல்வியிடம் படித்துக் காட்டினேன். எத்தனை பேர் இந்தப் பேப்பர் வாங்குவார்கள் என்று கேட்டார். சொன்னேன். "அவங்க எங்களை ஏத்துக்க வேணாங்க. இல்லைன்னு மட்டும் எழுத வேணாம்னு சொல்லுங்க" என்றார்.

அம்மா, என் பயிற்சிச் சான்றிதழ் மேலாளர் கையில் இருக்கிறது. நான் மறுக்க முடியாது. திருத்தத்துக்கென்று தனிச் சீட்டு உண்டு. அடியில், 'மேலே உள்ளவை உண்மை என்று உறுதி கூறுகிறேன்' என்று அச்சடித்திருக்கும். அதில் விளம்பரம் தந்தவர் கையெழுத்துப் போட வேண்டும். முதல் சீட்டில் இருப்பது உங்கள் பெயர். வெற்றுச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் வாசகத்தை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால் அப்படியே அடுக்கிவிடுகிறேன்.

யுவஸ்ரீ


நாமகிரிப்பேட்டை
26.6.2024

யுவஸ்ரீக்கு,

உன் கடிதம் வந்த அன்று மாலை மோகன்குமாரை உட்காரச் சொன்னேன். எதிரில் பேப்பரை வைத்து, இந்தப் பெண் யார் என்று கேட்டேன். மறுப்பான் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் நம்பியிருப்பேன்.

பன்னிரண்டு வருடமாகத் தெரியுமாம். அதற்கு முன்பே டிரைவர்களுக்குத் தெரியும், மஞ்சள் மண்டியில் தெரியும், என் நாத்தனாருக்குத் தெரியும். என் மருமகளுக்குக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறார்கள். நான் அவனிடம், என்னிடம் ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியும்னுதானுங்கம்மா நெனச்சோம். கௌரவத்துக்காவ பேசாம இருக்கறீங்கன்னு ஊரே சொல்லுது."

இதை எழுதுவதற்கு ஒரு நாள் முழுதும் ஆனது.

அன்று காலை போனில் வந்தவர்கள் என்னை விசாரிக்கவில்லை, பாராட்டினார்கள். நானே அந்தப் பெயர்களைச் சேர்த்துப் போட்டுவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்கள். பெரிய மனசு என்று நாத்தனார் அழுதது அதற்கு. முப்பது வருடமாகக் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் நான் நிமிர்ந்து நடந்தபோது, பார்த்தவர்கள் எல்லாரும் தெரிந்தே நிமிர்ந்து நடக்கிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. இப்போது போய்ச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வருடத்தில் பத்து மாதம் ரிக் வடக்கே ஓடுகிறது என்பார். நான் கணக்காகப் பலகாரம் செய்து அனுப்புவேன். ஒரு மாதத்துக்கு இரண்டு டின் முறுக்கு. எந்த ஊருக்குப் போனது என்று இப்போது யோசிக்கிறேன். யோசிக்கக் கூடாது என்று எழுந்து போகிறேன், மறுபடி வந்து உட்காருகிறேன்.

சீட்டு மேசைமேல் இருக்கிறது. வாசகத்தை எழுதிவிட்டேன். உறுதிமொழிக்குக் கீழே பேனாவை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். மகன் கையெழுத்துப் போடச் சொல்கிறான். சொத்தில் பங்கு கேட்பார்கள் என்கிறான்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தச் சிரித்த படத்தை எடுத்தது யார்? எங்கே எடுத்தது?

காளியாத்தாள்


சேலம்
27.6.2024

அம்மா அவர்களுக்கு,

அவசரம் என்பதால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

இன்று காலை உங்கள் மகன் அலுவலகத்துக்கு வந்தார். தொடர்பு இல்லை என்ற அதே வாசகத்தைத் தன் கையெழுத்தோடு கொடுத்தார். மேலாளர் வாங்கிக்கொண்டார். ஞாயிறு இதழுக்கு என்று குறித்துவிட்டார். முதல் சீட்டில் இருப்பது அம்மாவின் பெயர், அவர் கையெழுத்து இல்லாமல் செல்லாது என்று நான் சொன்னேன். உங்கள் மகன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீ படிக்க வந்தவளா, பஞ்சாயத்துக்கு வந்தவளா என்று கேட்டார். சனிக்கிழமை மதியம் பக்கம் முடிப்பதற்குள் உங்களிடமிருந்து எதுவும் வராவிட்டால் அவர் கையெழுத்தே போதும் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

நீங்கள் கேட்டது. அன்புச்செல்வியிடம் போனில் கேட்டேன். படத்தை எடுத்தவர் அவர்தான். முதல் சம்பளத்தில் செல்போன் வாங்கிய அன்று, வாசல் படியில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தவரை எடுத்தாராம். படம் எடுக்காதே என்று சொல்லிக்கொண்டே சிரித்தாராம். நான் அதைப் பாதியாக வெட்டித்தான் விளம்பரத்தில் வைத்தேன்.

யுவஸ்ரீ


நாமகிரிப்பேட்டை
28.6.2024

யுவஸ்ரீக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. வாடகைக் கார் சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை உங்கள் அலுவலகத்தின் முன்மேசையில் நானே கொடுத்துவிட்டுப் போகிறேன். என்னைப் பார்க்க நீ வெளியே வர வேண்டாம். எனக்கு யாருடைய முகத்தையும் பார்க்கிற நிலை இல்லை.

பழைய சீட்டைக் கிழித்துவிட்டேன். அதில் நான் எழுதியிருந்தது உண்மை அல்ல. உண்மை என்று உறுதி கூறச் சொல்லி அச்சடித்த இடத்தில் நான் பொய்யாகக் கையெழுத்திட மாட்டேன். என் கணவருக்காகவும் மாட்டேன், மகனுக்காகவும் மாட்டேன். இதில் இரக்கம் எதுவும் இல்லை. அந்தப் பெண்களிடம் இரக்கம் என்று நீ போய்ச் சொல்லிவிடாதே.

மோகன்குமாரிடம் சொல்லிவிட்டேன். பங்கு கேட்டால் வக்கீல் இருக்கிறார், சட்டம் இருக்கிறது, கொடுக்க வேண்டியது என்றால் கொடுக்கத்தான் வேண்டும் என்றேன். அவன் சத்தம் போட்டான். நீயும் உன் அப்பாவும் என்னிடம் மறைத்தது போதும், ஊர் படிக்கிற பேப்பரில் என் பெயரைப் போட்டு என்னையும் மறைக்க வைக்காதே என்றேன். வெளியே போய்விட்டான். இன்னும் வரவில்லை.

புதுச் சீட்டு இதோடு இருக்கிறது. வாசகத்தில் ஓர் எழுத்தைக்கூட நீ சேர்க்கவோ எடுக்கவோ வேண்டாம். மஞ்சள் இலை வேண்டாம். படம் வேண்டாம்.

'திருத்தம். 14.6.2024 இதழில் வெளியான திரு. கந்தவேல் நினைவஞ்சலியில், மனைவி என்ற இடத்தில் காளியாத்தாள் என்ற பெயர் மட்டுமே இருக்க வேண்டும். மக்கள் என்ற இடத்தில் உள்ள இரண்டு பெயர்களும் சரியானவை. இவண், காளியாத்தாள் கந்தவேல்.'

குப்பாயி கொடுத்த சீட்டிலும் இதுதான் இருந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். அவள் கேட்காததை நான் கொடுக்கவில்லை. எனக்குச் சொந்தமானதை எடுத்துக்கொண்டேன்.

மேலாளர் தயங்கினால், விளம்பரம் தந்தவள் நான், மகன் அல்ல என்று சொல். மறுத்தால் அவர் மேசைக்கு எதிரில் வந்து உட்காருவேன் என்றும் சொல். உன் சான்றிதழை நிறுத்தி வைத்தால் எனக்கு எழுது. உன் முதல்வருக்கு எழுதுவதாகச் சொன்ன கடிதத்தை வேறு விதமாக எழுத எனக்குத் தெரியும்.

அன்புச்செல்வியிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும். நீ போனில் சொன்னால் போதும். கல்யாணப் பத்திரிகையில் தகப்பன் பெயரை முழுதாகப் போட்டுக்கொள்ளட்டும். எனக்குப் பத்திரிகை அனுப்ப வேண்டாம், நான் வர மாட்டேன். கெங்கவல்லிக்காரர்கள் யாராவது சந்தேகப்பட்டால் என் வீட்டுக்கு அனுப்பி வைக்கட்டும். கந்தவேலின் மகளா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்வேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

காளியாத்தாள் கந்தவேல்